பெருந்தொற்றுக் காலத்தில் மனநல வார்டு செவிலியர்: தன் மனதைப் பார்த்துக்கொள்ள டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சைக்யாட்ரி வார்டுதானே, உங்களுக்கென்ன? ஆக்சிஜன் சிலிண்டரா உருட்டுறீங்க?" கொரோனா காலத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் மனநலப் பிரிவில் டூட்டி பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. வீட்டுக்குப் போனால் அங்கே வேறு பாட்டு: "நீயே அடுத்தவங்க மனசுக்கு வைத்தியம் பாக்குறவ, உனக்கு என்னடி கவலை?" இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11-ல். உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது 2023 மே 5-ல். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வார்டில் கூட்டம் இல்லாத நாளில் படித்து, தயார் செய்து வைத்துக்கொண்டால்தான் இது உதவும்.

மூச்சுப் பயிற்சி, யோகா, நல்லதையே நினை என்று ஆரம்பிக்கும் வழிகாட்டிகள் ஏராளம். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நோயாளிகளுக்கு நாமே சொல்லித் தருகிறோம். ஆனால் வரிசையாக ஆறு நைட் பார்த்த ஒருவருக்கு அதைச் சொன்னால் எரிச்சல்தான் வரும். என் அனுபவத்தில் டூட்டி சார்ட், தூக்கம், ஹேண்டோவர் (அடுத்த டூட்டிக்காரரிடம் ஒப்படைப்பது) இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். அதனால் படிகளையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

படி 1: பாரம் எது என்று பிரித்துப் பாருங்கள்

மற்ற வார்டில் டிரிப், மானிட்டர், வென்டிலேட்டர் என்று கருவிகள் உண்டு. நமக்கு முகமும் குரலும்தான் கருவி. என்-95 மாஸ்க்கும் முகக் கவசமும் போட்டவுடன் இரண்டும் பறிபோகின்றன. யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் நோயாளியின் எதிரே, தலை முதல் கால் வரை வெள்ளையாக, முகமே இல்லாத ஒருவர் ஊசியோடு வந்து நின்றால் அவர் என்ன நினைப்பார்? நேற்று வரை "அக்கா" என்று கூப்பிட்டவர் கையைத் தட்டிவிடுவார். நமக்குப் பகீரென்று இருக்கும்.

இதற்குச் சின்னதாக ஒரு வழி உண்டு. கவச உடையின் மார்புப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் மார்க்கரால் எழுதி, சிரித்த முகத்தோடு ஒரு போட்டோவும் ஒட்டிக்கொள்ளுங்கள். உடை மாட்டுவதற்கு முன்பு ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று முகத்தைக் காட்டி, "நான்தான் வரப்போறேன், வேற டிரெஸ்ல வருவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். குரல் மாஸ்க்குக்குள் அமுங்கிவிடும் என்பதால் வாக்கியத்தைச் சுருக்கி, மெதுவாகப் பேசுங்கள்.

அடுத்தது தொடுவது. மேனியாவில் (மிதமிஞ்சிய உற்சாக நிலையில்) இருப்பவர் ஓடி வந்து கட்டிக்கொள்வார். இடைவெளி விடச் சொன்னால் கேட்கமாட்டார், மாஸ்க்கைக் கழற்றி எறிவார். வெறியில் இருப்பவரைப் பிடிக்க நாலு பேர் வேண்டும். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சங்கிலி போடுவது அறவே கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவதும் வேறு வழியில்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, கேஸ் ஷீட்டில் காரணத்தை எழுதிவிட்டுத்தான். தொற்றுப் பயத்தில் கொஞ்சம் சீக்கிரமே கட்டச் சொல்லிவிட்டோமோ என்ற உறுத்தல் பலருக்கு வருடக்கணக்கில் போவதில்லை.

இப்போது ஒரு தாளை எடுத்து, போன வாரத்தில் வயிற்றைப் பிசைந்த விஷயங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது தொற்றுப் பயமா, அசதியா, தப்பு செய்துவிட்டோமோ என்ற உறுத்தலா என்று குறியுங்கள். மூன்றையும் சேர்த்து "டென்ஷன்" என்று ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தால் எதற்கும் வழி பிறக்காது. பயத்துக்குப் படி 4. அசதிக்குப் படி 2. உறுத்தலுக்குப் படி 3-ம் 5-ம்.

படி 2: தூக்கத்தை டூட்டி மாதிரி நடத்துங்கள்

நைட் முடித்துக் காலையில் பஸ் பிடித்துப் பாபநாசத்துக்கோ மன்னார்குடிக்கோ போய்ச் சேர்ந்தவுடன் என்ன நடக்கும்? பிள்ளைக்குச் சாப்பாடு, மாமியாருக்கு மாத்திரை, துணி, தண்ணீர் பிடிப்பது. படுக்கும்போது மணி பதினொன்று. வெளியே வெயில், உள்ளே புழுக்கம், தெருவில் கொரோனா விழிப்புணர்வு சொல்லிக்கொண்டு ஆட்டோ. நாலு மணிக்கு எழுந்தால் தூங்கின மாதிரியே இருக்காது.

வீட்டில் ஒரே ஒரு ஒப்பந்தம் போடுங்கள்: நைட் முடிந்து வந்தால் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை உங்களை யாரும் எழுப்பக் கூடாது. வாசலுக்கு யார் வந்தாலும், எந்தச் சொந்தக்காரர் போன் செய்தாலும் சரி. கணவரிடமோ அம்மாவிடமோ இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஜன்னலுக்குப் பழைய கனத்த புடவையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டால் இருட்டு கிடைக்கும். வரும் வழியில் வெயில் கண்ணில் அடித்தால் மூளை விடிந்துவிட்டது என்று முழித்துக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி போடுங்கள், யாராவது கிண்டல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

காபி. கும்பகோணத்துக்காரர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். காலை எட்டரை, ஒன்பதுக்குப் படுக்க வேண்டுமென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் டம்ளரைத் தொடாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக் காபிதான் பகல் தூக்கத்தைத் தின்கிறது. அதற்குப் பதிலாக, இரண்டு பேர் டூட்டியில் இருந்தால் மாற்றி மாற்றி இருபது நிமிடம் கண் அயருங்கள். அரை மணிக்கு மேல் போனால் எழுந்த பிறகு தலை சுற்றும். வார்டில் ஒருவர் எப்போதும் முழித்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

டூட்டி மாறும் திசையும் முக்கியம். காலை, பிற்பகல், நைட் என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும். நைட் முடித்து ஒரே நாளில் காலை டூட்டிக்குத் தள்ளினால் தாங்காது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தூக்கம் வரவில்லை என்று வார்டு அலமாரியிலிருந்து அல்பிரசோலமோ லோரசிபாமோ எடுத்துப் போடும் பழக்கம் நம் பிரிவில்தான் சுலபமாக ஆரம்பிக்கும், ஏனென்றால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுத்தால் மருத்துவரின் சீட்டோடு எடுங்கள், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

படி 3: டூட்டி முடியும் கடைசிப் பத்து நிமிடம்

ஹேண்டோவரில் மருந்து, ஊசி, பி.பி., யார் சாப்பிடவில்லை என்பதையெல்லாம் சொல்லிவிடுகிறோம். மனதில் நிற்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். அதையும் ரிப்போர்ட்டில் சேர்த்துவிடுங்கள். இப்படித்தான் இருக்கும்:

"அக்கா, பதினோராம் பெட் அம்மா ராத்திரி பூரா மகனுக்குப் போன் போடச் சொல்லி அழுதாங்க. மகன் எடுக்கவே இல்ல."

"சரி, நீ என்ன செஞ்சே?"

"மூணு தடவ போட்டுப் பாத்தேன். அப்புறம் பக்கத்துல உக்காந்தேன். டிரெஸ்ஸுக்குள்ள வேர்த்து ஊத்துச்சு, கால் மணி நேரத்துல எழுந்துட்டேன்."

"கால் மணி நேரம் உக்காந்திருக்கியே. மகனுக்கு நான் பத்து மணிக்குப் போடுறேன். இனிமே அது என் வேலை, நீ கிளம்பு."

இவ்வளவுதான். "இனிமே அது என் வேலை" என்று வாங்கிக்கொள்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனதுக்குள் நினைத்தால் போதாது. கொடுப்பவரும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு "மகன் எடுத்தானா?" என்று குழுவில் மெசேஜ் போடக் கூடாது. வார்டு வாட்ஸ்அப் குழுவை டூட்டி இல்லாத நேரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள். அவசரம் என்றால் போன் அடிப்பார்கள்.

ஒரு சாவு நடந்தாலோ, நோயாளி தற்கொலைக்கு முயன்றாலோ, எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து "நடந்ததை ஒவ்வொருத்தரா விவரமாச் சொல்லுங்க" என்று உடனே கேட்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம். அப்படி ஒரே தடவையில் கிளறும் கூட்டத்தை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை, சிலருக்கு அது கெடுதலாகவும் முடியலாம். அந்த நிறுவனம் சொல்லும் முதல்நிலை உளவியல் உதவி மூன்றே வேலைதான்: பார்ப்பது, கேட்பது, தேவையான இடத்தோடு இணைத்துவிடுவது. பேச விரும்புகிறவர் பேசட்டும், மற்றவருக்குத் தண்ணீரும் அரை மணி நேர ஓய்வும் வீட்டுக்குப் போக வண்டியும் கொடுத்தால் போதும்.

படி 4: வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோகிறோமோ என்ற பயம்

நம் ஊர்ப் பழைய வீடுகள் இதற்கு ஒத்துழைக்கும். திண்ணையிலேயே பை, செருப்பு. சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், துணியைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, குளித்துவிட்டு அப்புறம் கூடத்துக்குள் வருவது. தனிக் கொல்லை இல்லாத வாடகை வீட்டில் குளியலறையை வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்து உங்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். தினமும் ஒரே வரிசையில் செய்யுங்கள். வரிசை பழகிவிட்டால் "கை கழுவினேனா, கழுவலையா" என்ற நச்சரிப்பு குறையும். இருமுறை குளித்தும் மனம் ஆறாமல் மூன்றாவது முறை குழாயடிக்குப் போகத் தோன்றினால், அது சுத்தத்தைத் தாண்டிவிட்டது. படி 6-க்குப் போங்கள்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வது, தெருவில் அடைப்பது, அடிப்பது எல்லாம் 2020-ல் நடந்தன. அந்த ஏப்ரல் 22-ல் வந்த அவசரச் சட்டம், 1897-ன் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, சுகாதாரப் பணியாளர் மீதான வன்முறைக்கு 3 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 6 மாதத்திலிருந்து 7 ஆண்டு வரை சிறை என்றது. பிறகு செப்டம்பரில் அது நாடாளுமன்றத்தில் சட்டமானது. தெருவில் நின்று வாதாடுவதைவிட மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வழியாக எழுத்தில் புகார் கொடுப்பது நிம்மதி. ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள் காப்பீட்டில் தங்கள் பெயர் இருக்கிறதா என்பதை வாய்ப்பேச்சாக நம்பாமல் காகிதத்தில் பார்த்துவிடுங்கள்.

படி 5: நோயாளிகளைப் பற்றிய கவலைக்கு ஒரு பட்டியல்

நம் மனதை அதிகம் அரிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது, பஸ் நின்றது. வேதாரண்யத்திலிருந்தும் பேராவூரணியிலிருந்தும் மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கிப் போனவர் என்ன ஆனார்? கையாலாகாத்தனம் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஆறுதல் வார்த்தை உதவாது, முன்கூட்டியே போட்ட பட்டியல்தான் உதவும்.

உங்கள் ஓ.பி.யில் நிறுத்தவே கூடாத மருந்து எடுப்பவர்களின் பெயர், ஊர், இரண்டு போன் எண், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் குளோசபின்காரர்கள், அதாவது மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்கான மாத்திரை எடுப்பவர்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது, குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் கொரோனா என்று மட்டும் நினைத்துவிடாமல் ரத்த வெள்ளையணுவையும் பார்க்க வேண்டும், இந்த மருந்து அதைக் குறைத்துவிடலாம். கடை மூடியதால் பீடி, சிகரெட் நின்றவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும் என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். அடுத்து, மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம். காய்ச்சல், வாந்தி, பேதியில் உடம்பு வறண்டால் அளவு ஏறி விஷமாகிவிடும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போட்டால் இன்னும் மோசம், பாராசிட்டமால்தான் பாதுகாப்பு. இவை நமக்குத் தெரிந்தவைதான். ஆனால் நோயாளியின் தம்பிக்குத் தெரியுமா? ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி மாத்திரைக் கவரோடு கொடுத்துவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்கு அந்த யோசனை வராது.

அப்புறம் குடிநோயாளிகள். 2020 மார்ச் இறுதியில் மூடிய டாஸ்மாக், மே 7-ல் திறந்து, உயர் நீதிமன்ற உத்தரவால் மூடி, மே 16-ல் மறுபடி திறந்தது. திடீரென்று கடை மூடினால் கடைசியாகக் குடித்ததிலிருந்து முதல் இரண்டு நாளுக்குள் நடுக்கமும் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் வரும். அரசாங்கம் ஊரடங்கு என்று சொன்ன அன்றே வார்டில் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் வலிப்புத் தடுக்கும் மருந்தும் இருப்பில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். அந்த மூன்று நாளைக்குக் கூடுதலாக ஓர் ஆள் கேட்டு வாங்குங்கள். பிதற்றலில் இருப்பவரை ஒற்றை ஆளாகச் சமாளித்த ராத்திரிகள்தான் பிறகு கனவில் வருகின்றன.

உறவினரை உள்ளே விட முடியாத காலத்தில் வார்டுக்கு என்று ஒரு வீடியோ போன் வைத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் நேரம் குறித்துவிடுங்கள். உங்கள் சொந்த போனைக் கொடுக்காதீர்கள். எண் ஊர் முழுக்கப் பரவி, விடுமுறை நாளிலும் அழைப்பு வரும்.

படி 6: நம்மை நாமே அளப்பது, உதவி கேட்பது

நோயாளிக்கு நிரப்பும், மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 தாளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உங்களுக்கும் நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். மொத்த மதிப்பெண் 27. பத்தைத் தொட்டால் ஒரு மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம். ஒன்பதாவது கேள்வியில், சாவதே மேல் என்ற எண்ணத்துக்குப் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் கூட்டிக்கழித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள். மதிப்பெண் வருவதற்கு முன்பே சில அறிகுறிகள் தெரியும்: நோயாளியைப் பெயர் சொல்லாமல் பெட் எண்ணால் மட்டும் கூப்பிடுவது, அவர் அழும்போது எரிச்சல் மட்டும் வருவது, டூட்டிக்குக் கிளம்பும்போது வாந்தி வருவது, மருந்து கொடுத்தோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது.

எங்கே போவது என்பதுதான் நம் ஆட்களுக்கு நிஜமான சிக்கல். கூட வேலை பார்க்கும் மருத்துவரிடம் போய் நோயாளி நாற்காலியில் உட்கார யாருக்கு மனம் வரும்? பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள். தஞ்சாவூர்க்காரர் திருச்சிக்கும், நாகப்பட்டினத்துக்காரர் தஞ்சாவூருக்கும் போகலாம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் தரும் ரகசிய உரிமை செவிலியருக்கும் உண்டு. நேரில் போகத் தயக்கம் என்றால் 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி உதவி, டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு இல்லை. மனம் சரியாக வேண்டிப் பலரும் போகும் குணசீலம் கோயிலுக்குப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்தால் மனம் லேசாகிறது என்றால் போய்வாருங்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

படி 7: இன்சார்ஜ் சிஸ்டர்கள் செய்ய வேண்டியது

இந்தப் பகுதியைக் கண்காணிப்பாளர் மேஜையில் வைத்துவிடுங்கள். மே மாத வெயிலில் ஏசி இல்லாத வார்டில் கவச உடை போட்டு நாலு மணி நேரத்துக்கு மேல் யாரையும் நிற்க வைக்காதீர்கள். தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது, மாதவிலக்கு நாளில் அது நரகம். அந்த நாளில் கவச உடை டூட்டியிலிருந்து மாற்றிவிட, காரணம் கேட்காமல் ஒரு வழி வைத்திருங்கள். புதிதாக வந்தவரை முதல் வாரம் தனியாக நைட் போடாதீர்கள். மற்ற வார்டுக்கு நம் ஆட்களை எடுத்தால் எத்தனை நாளைக்கு, திரும்ப எப்போது என்று எழுத்தில் கேளுங்கள்.

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நமக்காக நாடே கைதட்டியது. பெருந்தொற்றுக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தபோது தமிழ்நாட்டில் அவர்கள் போராட வேண்டியிருந்தது. ஒப்பந்தச் செவிலியருக்கு வேலை நீடிக்குமா என்ற கவலை தொற்றுப் பயத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. உங்கள் கையில் பணி நீட்டிப்பு இல்லை, சரி. ஆனால் சம்பளம் தாமதமானால் அதை முதலில் கேட்கும் ஆளாக நீங்கள் இருக்கலாம், அனுபவச் சான்றிதழை அலையவிடாமல் கொடுக்கலாம், நிரந்தரப் பணியாளரின் விடுப்பையெல்லாம் ஒப்பந்தக்காரர் தலையில் கட்டாமல் இருக்கலாம்.

படி 8: அலை வடிந்த பிறகு

டெல்டாவில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2018 நவம்பர் கஜா புயலையும் பார்த்த ஊர்கள் இவை. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றவர்கள், எல்லாம் முடிந்து வார்டு காலியான பிறகு சாய்வது வழக்கம். அலை வடிந்த முதல் மூன்று மாதத்துக்குப் பி.எச்.க்யூ தாளை நிறுத்தாதீர்கள். சானிடைசர் வாசனை, ஆம்புலன்ஸ் சத்தம் பட்டதும் உடம்பு நடுங்குவது, அந்த வார்டுப் பக்கமே போகாமல் சுற்றிப் போவது, ஒரே கனவு திரும்ப வருவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

சேர்ந்து கிடக்கும் ஈடு விடுப்பை அலை முடிந்த ஆறு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் அது காகிதத்திலேயே நின்றுவிடும். போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. எந்த டூட்டி சார்ட் ஓடியது, எது ஆட்களை நொறுக்கியது, எந்த மருந்து எந்த நாளில் தீர்ந்தது, குளோசபின் நோட்டு எங்கே இருக்கிறது, எந்த அதிகாரியிடம் கேட்டால் வேலை நடந்தது என்பதையெல்லாம் நாலு பக்கத்தில் எழுதி வார்டு அலமாரியில் கோப்பாக வையுங்கள். மேலே "தொற்று" என்று சிவப்பு மையில் எழுதி, அடுத்த இன்சார்ஜிடம் சாவியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.